சின்னப் பிள்ளைகளோடு ஹலோவீன் இரவு: கனடாத் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் அயலில் உள்ள இளம் பெற்றோர் இந்தக் கேள்விகளோடு வரத் தொடங்கிவிடுவார்கள். நாட்டுக்கு வந்து ஒரு வருடமே ஆனவர்களும் கேட்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது தங்கள் பிள்ளையை முதன்முறை கூட்டிக்கொண்டு போகிறவர்களும் கேட்கிறார்கள். ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் பக்கத்து வழக்கத்தை வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரையான பிள்ளைகள்தான் என் மனதில் இருக்கிறார்கள்.

அன்று இரவு என்னதான் நடக்கும்?

ஒக்டோபர் 31 பின்னேரம் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போவார்கள். மணியை அடித்து "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்பார்கள். வீட்டுக்காரர் ஒரு குட்டிச் சொக்லேட்டையோ சின்னச் சிப்ஸ் பைக்கற்றையோ பையில் போடுவார். "தேங்க் யூ, ஹேப்பி ஹலோவீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அரச விடுமுறை கிடையாது. பள்ளிக்கூடம் வழமைபோல நடக்கும். சில பள்ளிக்கூடங்களில் வேஷத்தோடு வரச் சொல்வார்கள், சிலவற்றில் செம்மஞ்சளும் கறுப்பும் உடுத்தி வந்தால் போதும் என்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மின்னஞ்சலை முந்திய கிழமையே பார்த்துவிடுங்கள்.

எந்த வீட்டுக்குப் போகலாம், எந்த வீட்டுக்குப் போகக்கூடாது?

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வர வேண்டாம். எழுதாத சட்டம் இது, எல்லோரும் மதிக்கிறார்கள். விளக்கில்லாத வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். உள்ளே கைக்குழந்தை தூங்கலாம், நோயாளி இருக்கலாம், இரவுவேலை முடித்து வந்தவர் படுத்திருக்கலாம். விளக்கு எரிந்தும் யாரும் வராவிட்டால் ஒருமுறை மணியடித்து, கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

சில வீடுகளில் வாசலில் ஒரு கிண்ணத்தை வைத்து "ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பிள்ளை ஒன்றுதான் எடுக்க வேண்டும். யாருமே பார்க்காத இடத்தில் ஒன்றோடு நிறுத்தப் பழகுவது சின்ன வயதில் கிடைக்கும் நல்ல பயிற்சி என்று நான் நினைக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

தானாக நடந்து, படி ஏறி, கையில் பை பிடிக்கத் தெரிந்தால் போதும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது இரண்டரை, மூன்று வயதில் வருகிறது. அதற்கு முன் கூட்டிக்கொண்டு போவதில் பிழையில்லை. ஆனால் அது உங்களுக்கும் படத்துக்கும் ஆன பயணம் என்பதைத் தெரிந்துகொண்டு, தெரிந்த நான்கு வீடுகளோடு திரும்பிவிடுங்கள். ஒன்பது மாதக் குழந்தைக்குப் பூசணிக்காய் வேஷம் போட்டு ஒரு மணித்தியாலம் குளிரில் கொண்டு திரிய வேண்டியதில்லை.

எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?

ஐந்தரைக்கு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

ரொறன்ரோவில் அன்று சூரியன் ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்களில் மறைகிறது. முன்பெல்லாம் ஒக்டோபர் கடைசி ஞாயிறன்றே கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிடுவார்கள். அதனால் ஹலோவீன் அன்று ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். 2007 முதல் இந்த மாற்றம் நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டது. அந்த ஒரு மணித்தியால வெளிச்சம் சின்னப் பிள்ளைகளுக்கென்றே கிடைத்ததுபோல இருக்கிறது. அதை வீணாக்காதீர்கள். ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் முதல் பத்து வீடுகளை வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். பிறகு இருட்டு மெதுவாகத்தான் இறங்கும், பிள்ளையும் அதற்குப் பழகிவிடும். ஏழு மணிக்குப் பெரிய பிள்ளைகள் கூட்டமாக ஓடி வருவார்கள், பயங்கர முகமூடிகளும் அப்போதுதான் வெளியே வரும். அந்த நேரம் உங்கள் பிள்ளை வீட்டில் கம்பளத்தில் இருந்து இனிப்பை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

வெளிக்கிட முன் சோறு கொடுத்துவிடுங்கள். ஐந்து மணிக்குள் வயிறு நிறைந்தால் வீதியில் அழுகை அரைவாசியாகக் குறையும். வெறும் வயிற்றில் சொக்லேட் தின்னும் ஆசையும் அடங்கும். சிறுநீர் கழிக்க வைத்த பிறகே வேஷம் போடுங்கள். கழுத்திலிருந்து கால்வரை ஒரே சிப் வைத்த டைனோசர் உடுப்பை நடுவீதியில் கழற்ற முடியாது.

எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று ஒன்ராறியோவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பல ஊர்களின் நகராட்சியே நாளையும் நேரத்தையும் அறிவிக்கும், சில ஊர்களில் அது 31ஆம் திகதியாகக்கூட இராது. அங்கே இருக்கும் உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால்?

பெரும்பாலும் போகத்தான் செய்வார்கள். 2019இல் கடும் மழையும் காற்றும் வருமென்று மொன்றியல் நகரம் ஹலோவீனை நவம்பர் 1ஆம் திகதிக்குத் தள்ளிவைத்தது, அப்படி நடப்பது அரிது. தூறலென்றால் ஒளி ஊடுருவும் மழைக்கோட்டை வேஷத்துக்கு மேலே போடுங்கள், வேஷம் வெளியே தெரியும். கொட்டும் மழையென்றால் பக்கத்துத் தெரிந்த மூன்று வீடுகளோடு முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அதுவே ஹலோவீன்தான்.

குளிருக்கு ஜாக்கெட் போட்டால் வேஷம் மறைந்துவிடுகிறதே?

ஜாக்கெட்டை உள்ளே போடுங்கள், வேஷம் அதற்கு மேலே வரட்டும். இதற்காகவே வேஷ உடுப்பை ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். ஒக்டோபர் கடைசி இரவில் வெப்பநிலை ஐந்து பாகைக்கு இறங்குவது சாதாரணம். கடையில் விற்கும் இளவரசிச் சட்டையின் கை ஒரு வலைத்துணி மட்டுமே. ஜாக்கெட் தடிப்பாக இருந்தால் குளிர்கால உள்ளுடுப்பு ஒரு சோடியும் கம்பளிச் சட்டை ஒன்றும் போட்டுவிட்டு மேலே வேஷத்தைப் போடலாம்.

வேறு என்னென்ன கவனிக்க வேண்டும், வேஷம் வாங்கும்போது?

முகமூடி வேண்டாம். அதன் இரண்டு ஓட்டைகளுக்குள்ளால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நேரே மட்டும்தான் தெரியும், காலடியில் உள்ள படியும் பக்கத்தில் வரும் காரும் தெரியாது. முகத்தில் கொஞ்சம் வர்ணம் பூசினால் போதும், அதையும் இரண்டு நாள் முன்பே கையில் ஒரு சொட்டுப் பூசித் தடிப்போ அரிப்போ வருகிறதா என்று பாருங்கள்.

உடுப்பு நிலத்தில் இழுபடக் கூடாது, கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்துவிடுங்கள். காலில் பழகிய சப்பாத்துத்தான் இருக்க வேண்டும். வாளும் மந்திரக்கோலும் வளையக்கூடிய மெதுவான பொருளில் இருக்கட்டும், பத்தாவது நிமிடத்தில் அது உங்கள் கைக்குத்தான் வரப்போகிறது.

விலை கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. ஒருநாள் உடுப்புக்கு நாற்பது டொலர் கொடுப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பழைய உடுப்புக் கடைகளில் செப்டெம்பரிலேயே அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அக்கா பிள்ளையின் பழைய வேஷம் இன்னும் நல்லது. சாம்பல் நிற மேலங்கியின் தலைமூடியில் துணியால் இரண்டு காது தைத்தால் எலியும் தயார், யானையும் தயார்.

எத்தனை வீடு போக வேண்டும்?

மூன்று வயதுக்குப் பத்து. ஐந்து வயதுக்கு இருபது. ஏழு வயதுக்குப் பிள்ளையே சொல்லும்.

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: சின்னப் பிள்ளைக்கு ஹலோவீனின் சந்தோஷம் பையின் பாரத்தில் கிடையாது. தெரியாத ஒரு கதவுக்கு முன்னால் போய் நின்று, தான் பாடமாக்கிய மூன்று சொற்களைச் சொல்ல, கதவு திறந்து ஒரு பெரியவர் தன்னைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார் அல்லவா, அதிலேதான் இருக்கிறது. அந்த ஆச்சரியம் பத்தாவது வீட்டோடு நிறைந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பெற்றோரின் ஆசை. "பணக்காரத் தெருவில் முழுச் சொக்லேட் கொடுக்கிறார்களாம்" என்று காரில் ஏற்றி இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்க்கிறேன். பிள்ளைக்கு அந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது. உங்கள் சொந்தத் தெருவில் போனால் எதிர்வீட்டு மூதாட்டிக்கு உங்கள் பிள்ளையின் பெயர் தெரியவரும், பனிக்காலத்தில் அவர் ஜன்னலிலிருந்து கை காட்டுவார். வருடம் முழுக்கக் கார் கராஜுக்குள் போவதும் வருவதுமாக வாழ்கிற இந்த ஊரில், அயலவர் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து வைக்கும் இரவு இது ஒன்றுதான்.

வீதியின் ஒரு பக்கமாகவே போய், முடிவில் ஒரே ஒருமுறை கடந்து, மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். ஸ்ட்ரோலரையோ இழுவை வண்டிலையோ கொண்டுபோனால் களைத்த பிள்ளையையும் கழற்றிய தொப்பியையும் அதில் போடலாம்.

வாசலுக்குப் போனதும் பிள்ளை வாய் திறக்கமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து அவனுக்காகச் சொல்லுங்கள். யாரும் குறை நினைப்பதில்லை. "சொல்லு, சொல்லு, வீட்டிலே சொன்னாய்தானே" என்று எல்லோருக்கும் முன்னால் நெருக்கினால் அடுத்த வீட்டுக்கு வரவே மாட்டான்.

முதல் நாளே வீட்டுக்குள் விளையாடிப் பாருங்கள். அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். பிள்ளை தட்ட, அவர் திறந்து ஒரு பிஸ்கட்டைப் பையில் போடட்டும். பிறகு அம்மம்மாவின் அறைக் கதவு. மூன்று தரம் செய்தால் ஒழுங்கு முழுவதும் விளங்கிவிடும்: தட்டுவது, சொல்வது, பை நீட்டுவது, நன்றி சொல்வது, திரும்புவது.

திரும்புவதைத்தான் முக்கியமாகப் பழக்க வேண்டும். கதவு திறந்தால் உள்ளே போவதுதானே பிள்ளைகளுக்குத் தெரிந்த வழக்கம். எங்கள் வாசலுக்கு வந்த ஒரு தமிழ்க் குட்டி, மூன்று வயதிருக்கும், வண்ணத்துப்பூச்சிச் சிறகோடு படியில் அமர்ந்து, சப்பாத்தின் ஒட்டுப்பட்டியைக் கரகரவென்று கழற்றத் தொடங்கியது. ஒரு கால் கழன்றேவிட்டது. வீட்டுக்குள் போகுமுன் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று எவ்வளவு அழகாகப் பழக்கியிருக்கிறார்கள்! தாய் வெட்கப்பட்டார், எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது.

பயந்துவிட்டால்?

அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள். "பயப்பட ஒன்றுமில்லை, அது பொம்மை" என்று சொல்லிக் கிட்டே இழுத்துப்போகாதீர்கள். இப்போதெல்லாம் பன்னிரண்டு அடி எலும்புக்கூட்டை முற்றத்தில் நட்டுவைக்கிறார்கள். கிட்டப் போனதும் கத்துகிற, எழும்புகிற பொம்மைகள் இருக்கின்றன. மூன்று வயதில் பொம்மைக்கும் உண்மைக்கும் இடையிலான கோடு இன்னும் சரியாக விழவில்லை, அந்தப் பயம் முழுப் பயம்.

முந்திய கிழமை பகலில் அதே தெருவால் ஒருதரம் நடந்து பாருங்கள். காற்றடித்த பேய்ப் பொம்மைகள் பகலில் காற்றிறங்கிப் புல்லில் துணியாகக் கிடக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு இரவில் அது எழும்பி நிற்பது அவ்வளவு பயமாக இராது. எந்த வீட்டை விடவேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்நியர் தரும் இனிப்பில் நஞ்சோ ஊசியோ இருக்கும் என்கிறார்களே?

இந்தப் பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு, வட்ஸ்அப் குழுக்களில் வருடாவருடம் ஒரு படம் சுற்றும். டெலவெயர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958இலிருந்து வந்த செய்திகளைப் பல்லாண்டுகளாகத் துருவி வந்தவர். வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத ஒருவர் நஞ்சு கொடுத்து ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றையும் அவர் காணவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைட் கலந்த இனிப்பால் இறந்தது உண்மை. அதைக் கொடுத்தது அவனுடைய தகப்பன், காப்புறுதிப் பணத்துக்காக. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதற்காகச் சோதிக்காமல் கொடுங்கள் என்று சொல்லவில்லை. இப்போது வேறொரு காரணம் இருக்கிறது. கஞ்சா கலந்த இனிப்புகள் சில, சாதாரண இனிப்பின் உறையைப் போலவே உறையிட்டு வருகின்றன. 2022இல் வின்னிபெக்கில் ஒரு பகுதியில் பல பிள்ளைகளின் பைகளில் அப்படியானவை கிடைத்து, பொலிஸ் இருவரைக் கைது செய்தது. ஆகவே வீட்டுக்கு வந்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் பாருங்கள். உறை பிரிந்தது, ஓட்டை விழுந்தது, பெயர் தெரியாதது, தெரியாதவர் வீட்டில் செய்தது எல்லாம் குப்பைக்கு. பிள்ளை தவறாக எதையும் விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கனடாவின் நஞ்சுத் தகவல் இலக்கம் 1-844-764-7669, 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் நேரே 911.

அப்படியானால் உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

காருக்கு.

கனடா ஆய்வாளர்கள் அமெரிக்க வீதி விபத்துத் தரவுகளை எடுத்து, 1975 முதல் 2016 வரையான 42 ஹலோவீன் மாலைகளை, அவற்றுக்கு ஒரு கிழமை முந்திய, ஒரு கிழமை பிந்திய மாலைகளோடு ஒப்பிட்டார்கள். நடந்து போகிறவர் காரில் அடிபட்டு இறக்கும் ஆபத்து ஹலோவீன் மாலையில் 43 வீதம் கூடியிருந்தது. நான்கிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. ஆறு மணியை ஒட்டிய நேரம்தான் மிக மோசம். முழு அமெரிக்காவுக்கும் சேர்த்து ஒரு ஹலோவீனுக்குச் சராசரியாக நான்கு மேலதிக மரணங்கள் என்ற கணக்கு அது, ஆகவே வீட்டுக்குள் பூட்டி வைக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நஞ்சைப் பற்றிக் கதைக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

வேலையால் வருகிறவர்கள் ட்ரைவேக்குள் திருப்பும் நேரமும் பிள்ளைகள் நடைபாதையில் ஓடும் நேரமும் ஒன்று. பின்னோக்கி எடுக்கும் காரோட்டிக்கு மூன்றடிப் பிள்ளை தெரியாது. அதனால்தான் ஐந்தரைக்கு வெளிக்கிடச் சொல்கிறேன்: ஆறு மணிக்கு முன் முக்கால்வாசி வீடுகள் முடிந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் வீதி கடக்கும்போதும் ட்ரைவேக்களைத் தாண்டும்போதும் கையை விடாதீர்கள். நிறுத்திய கார்களுக்கு இடையால் கடக்காதீர்கள், சந்தியால் கடவுங்கள். இருண்ட வேஷமென்றால் முதுகிலும் கையிலும் பையிலும் ஒளி தெறிக்கும் நாடாவை ஒட்டுங்கள். பிள்ளையின் கையில் ஒரு குட்டி ரோச் லைட்டைக் கொடுத்தால் அதுவே அவனுக்கு இனிப்பைவிடப் பெரிய பரிசு. கழுத்தில் போடும் ஒளிக்குச்சியும் நல்லது, ஆனால் கடிக்க விடாதீர்கள், உள்ளே இருக்கும் திரவம் வாயையும் கண்ணையும் எரிக்கும்.

அன்று மாலை நீங்கள் காரோட்டுகிறவராக இருந்தால், குடியிருப்பு வீதிகளில் மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள்.

பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாமை. போகலாமா?

தாராளமாக, மூன்று ஒழுங்குகளோடு. கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எபிபென் ஊசி உங்கள் பையில் இருக்க வேண்டும், வீட்டில் இருந்து பயனில்லை. வீட்டுக்கு வரும்வரை ஒன்றையும் வாயில் வைக்கக்கூடாது. வீட்டில் உங்களிடம் முன்பே வாங்கி வைத்த பாதுகாப்பான இனிப்பு ஒரு கிண்ணம் இருக்க வேண்டும், ஆகாததை எடுத்துவிட்டு உடனே அதிலிருந்து மாற்றிக் கொடுக்க.

ஒரு சொக்லேட்டின் பெரிய அளவு ஆபத்தில்லாமல் இருந்தாலும் அதன் குட்டி அளவு வேறு தொழிற்சாலையில், வேறு சேர்மானத்தோடு செய்யப்பட்டிருக்கலாம். குட்டி உறையில் பெரும்பாலும் சேர்மானம் எழுதியிராது, பெரிய பையில்தான் இருக்கும். ஐயமென்றால் கொடுக்காதீர்கள். இன்னொன்று: கனடாவில் ஸ்மார்ட்டீஸ் என்றால் சொக்லேட். அமெரிக்காவில் அதே பெயரில் வருவது சீனி வில்லை, அதை இங்கே ரொக்கெட்ஸ் என்பார்கள். எல்லை தாண்டி உறவினர் அனுப்பும் இனிப்பில் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

வாசலில் நீலப்பச்சை வர்ணம் பூசிய பூசணிக்காய் இருந்தால் அந்த வீட்டில் உணவல்லாத பரிசும் இருக்கிறது என்று அர்த்தம். டெனசியில் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 2012இல் தொடங்கியது, 2014இல் அமெரிக்கா முழுவதும் பரவி இங்கேயும் வந்துவிட்டது.

நாங்கள் சைவம். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே கேள்விதான்.

இறப்பர்போல இழுபடுகிற கம்மி இனிப்பும் மார்ஷ்மெலோவும் வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சிவப்பு நிறத்துக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சேர்ப்பதும் உண்டு. வெறும் பால் சொக்லேட், சிப்ஸ் வகைகளில் பிரச்சினை குறைவு. வாசலில் நின்று "இதில் ஜெலட்டின் இருக்கிறதா" என்று கேட்கத் தேவையில்லை, நன்றி சொல்லி வாங்கி, வீட்டில் பிரித்தெடுங்கள். எடுத்ததை அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும்.

எதைக் கொடுக்கவே கூடாது?

நான்கு வயதுக்குக் கீழே: கடினமான ரொபி, சூயிங்கம், முழுக் கச்சான், பொப்கோர்ன், மார்ஷ்மெலோ, உருண்டையாக வழுக்கும் எதுவும். மூச்சுக்குழாயை அடைக்கும். எந்த வயதிலும் ஓடும்போதும் காரின் பின்சீற்றில் இருக்கும்போதும் வாயில் இனிப்பு வேண்டாம்.

கிடைத்த இனிப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது?

அன்று இரவு தாராளமாக விடுங்கள். கம்பளத்தில் கொட்டி, நிறம் நிறமாக அடுக்கி, அண்ணனோடு பண்டமாற்றுச் செய்து, விருப்பமான நான்கைந்தைத் தின்னட்டும். மறுநாளிலிருந்து ஒன்றோ இரண்டோ, சாப்பாட்டோடு சேர்த்து. நாள் முழுக்கக் கொறிப்பதுதான் பல்லைக் கெடுக்கும், ஒரே தரத்தில் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் சேதம் குறைவு. பல்லில் ஒட்டும் கரமல் வகைகளை முதலில் தீர்த்துவிடுங்கள் அல்லது ஒளித்துவிடுங்கள்.

"வீடு வீடாகக் கையேந்துவதா? எங்கள் பிள்ளையா?" என்று அம்மம்மா கோபிக்கிறார்.

அம்மம்மாவுக்கு வெசாக் தன்சலை நினைவுபடுத்துங்கள். கொழும்பில் வெசாக் இரவில் வீதியோரம் பந்தல் போட்டு, போகிற வருகிற எல்லோரையும் மறித்துச் சோறும் குளிர்பானமும் கொடுப்பார்கள். வாங்கிக் குடித்தவரை யாரும் பிச்சைக்காரன் என்று சொன்னதில்லை, கொடுப்பவருக்குத்தான் சந்தோஷம். இதுவும் அப்படி. விளக்கைப் போட்டு வைத்தவர் "வாருங்கள்" என்கிறார். யாரும் வராமல் கிண்ணம் நிறைந்தே கிடந்தால் அவர்தான் மனம் வாடுவார்.

அதைவிட நல்ல மருந்து, அம்மம்மாவையே வாசலில் இருத்தி இனிப்புக் கொடுக்க வைப்பதுதான். சின்னப் பிள்ளைகள் வேஷத்தோடு வந்து நிற்பதைப் பார்க்க ஒரு அரை மணித்தியாலம் போதும், அடுத்த வருடம் இனிப்பு வாங்கியாயிற்றா என்று அவரே கேட்பார்.

இது எங்கள் சமயத்துக்கு ஒத்துவருமா?

அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மக்கள் குடியேறியபோது கொண்டுவந்த வழக்கம் இது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் பழைய கெல்டிக் நாளோடும், நவம்பர் 1 சகல புனிதர் திருநாளின் முன்னிரவோடும் சேர்ந்து வளர்ந்தது. மறுநாள், நவம்பர் 2, எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றும் இறந்தோர் நினைவு நாள். இன்றைக்கு இந்த வீதிகளில் நடப்பதில் வழிபாடு எதுவும் இல்லை. மனம் ஒப்பாத குடும்பங்கள் போகாமல் விடலாம், அதையும் யாரும் கேட்கமாட்டார்கள். விளக்கை அணைத்து வைத்தால் போதும்.

தீபாவளி நெருங்கி வரும் வருடங்களில் ஒன்றைக் கவனியுங்கள். 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31 அன்றே வந்தது. பல தமிழ் வீடுகளின் வாசற்படியில் சிட்டி விளக்கு எரிய, அதே படியில் நீண்ட அங்கியோடு பிள்ளைகள் ஏறி வந்தார்கள். கடை வேஷங்களின் துணி சட்டென்று பற்றும். அப்படியான நாளில் திரி விளக்கை ஜன்னலுக்கு உள்ளே வைத்து, படியில் பற்றரி விளக்கை வையுங்கள். பூசணிக்காய்க்கு உள்ளேயும் அதுவே.

நாங்கள் இருப்பது மாடிக் கட்டிடத்தில்.

பல கட்டிடங்களில் விரும்புகிறவர்கள் பெயர் எழுதும் ஒரு தாளைக் கீழே ஒட்டுவார்கள், அல்லது கதவில் பூசணிப் படம் ஒட்டுவார்கள். உங்கள் கட்டிடத்தில் அந்த வழக்கம் இல்லையென்றால் முகாமையாளரிடம் கேட்டு நீங்களே தொடங்கலாம். குளிர் இல்லை, கார் இல்லை, மூன்று வயதுக்கு இதைவிட வசதி கிடையாது. சில பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் கார் நிறுத்துமிடத்தில் கார்களின் பின்பெட்டிகளைத் திறந்து அலங்கரித்து இனிப்புக் கொடுப்பதும் உண்டு.

பூசணிக்காயை எப்போது வெட்டுவது, பிறகு என்ன செய்வது?

இரண்டு நாள் முன்பு வெட்டுங்கள். ஒரு கிழமை முன்பே வெட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அதற்குள் அணில்கள் முகத்தைத் தின்றுவிடும். கத்தி உங்கள் கையில், மார்க்கர் பேனை பிள்ளையின் கையில். பிள்ளை கீறிய கோணல் வாயை அப்படியே வெட்டுங்கள், திருத்த வேண்டாம். விதையைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஓவனில் வறுத்தால் பெரியவர்களுக்கு நல்ல கொறியல்.

முடிந்ததும் பற்றரி விளக்கை எடுத்துவிட்டு, பூசணிக்காயை உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியில் போடலாம். ரொறன்ரோவின் மேற்கே இருப்பவர்கள் நவம்பர் 1 இரவு சொறோரன் பூங்காவுக்குப் பிள்ளையையும் பூசணிக்காயையும் கொண்டுபோங்கள். 2004இலிருந்து அங்கே அயலவர்கள் தங்கள் பூசணிக்காய்களை வரிசையாக வைத்து விளக்கேற்றுகிறார்கள், மறுநாள் நகராட்சியே எல்லாவற்றையும் அள்ளிப் பசளைக்குக் கொண்டுபோகும். மற்றப் பகுதிப் பூங்காக்கள் பலவற்றிலும் இப்போது இது நடக்கிறது. அங்கே முகமூடியோ கத்துகிற பொம்மையோ கிடையாது, முதல் இரவில் பயந்து திரும்பிய பிள்ளைகூட ஆசையாகச் சுற்றிப் பார்க்கும்.